பால் கொடுக்கும் காலத்தில் ஞானப்பல் வலி: ஒரு வயது வரை காத்திருக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 27 வயது. 5 மாதக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவருகிறார். இடப்பக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் முதல் முறை வலி வந்தது கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில். உப்புநீர் கொப்பளித்ததிலேயே அது அடங்கிவிட்டது. குழந்தை பிறந்த இரண்டாம் மாதத்தில் திரும்ப வந்தபோது, மெடிக்கலில் கொடுத்த 'பல்வலி செட்' மாத்திரைகளைச் சாப்பிட்டுச் சமாளித்திருக்கிறார். இப்போது வந்திருப்பது மூன்றாம் முறை. நான்கு நாள்களாக வலி காது வரை இழுக்கிறது. காதில்தான் கோளாறு என்று நினைத்துச் சொட்டு மருந்தும் விட்டிருக்கிறார். வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் வாயில் கெட்ட சுவையும் நாற்றமும் இருக்கின்றன. காய்ச்சல் இல்லை.

பக்கத்து நகரத்தில் பார்த்த பல் மருத்துவர், பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு கிளினிக்கில் நான்கு ஞானப்பற்களையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்றார்களாம். மாமியாரோ, "பச்சை உடம்புக்காரி பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும், பாலும் வற்றிவிடும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகட்டும்" என்கிறார். வீட்டில் மீந்து கிடக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சாப்பிடச் சொல்கிறார் கணவர். மருந்து எடுத்தால் பாலை நிறுத்த வேண்டுமா என்பதுதான் வாசகியின் பெரிய அச்சம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது என்ற செய்தியைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார்.

பல் மருத்துவரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

பாலை நிறுத்த வேண்டியதில்லை. வலிக்கான மருந்து, கிருமிக்கான மருந்து, மரத்துப்போகப் போடும் ஊசி, எக்ஸ்ரே ஆகிய நான்கில் எதுவுமே, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், தாய்ப்பாலுக்குத் தடையில்லை. அதே சமயம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை காத்திருப்பது என்ற யோசனையை உங்கள் நிலையில் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றோ அடுத்த நாளோ பல் மருத்துவரிடம் நேரில் சென்றுவிடுங்கள். இப்படிச் சொல்வதால் பல்லை உடனே பிடுங்கிவிட வேண்டும் என்று பொருளில்லை. இப்போது ஏற்பட்டிருக்கும் தொற்றை அடக்குவது முதல் வேலை. பல்லை எடுப்பதா என்பது அது அடங்கிய பிறகு நிதானமாக முடிவு செய்ய வேண்டிய வேறொரு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்களில் அறுவைக்குப் பயந்து முதல் வேலையும் நடக்காமல் போய்விடுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது

ஞானப்பற்கள் பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கின்றன. தாடையில் இடம் போதாதபோது பல் பாதி வெளியே வந்து, பாதி எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ நின்றுவிடுகிறது. அப்படி நிற்கும் பல்லின் மேல் ஈற்றுச் சதை ஒரு பையின் மூடியைப் போலப் படிந்திருக்கும். அதன் அடியில் சோற்றுப் பருக்கையும் கிருமிகளும் ஒதுங்கிக்கொள்ள, பிரஷ் அங்கே எட்டாது. சதை வீங்கியதும் மேல்வரிசைப் பல் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அதை நசுக்குகிறது. நசுங்கிய சதை இன்னும் வீங்குகிறது. நீங்கள் எழுதியிருக்கும் கெட்ட சுவை, அந்தப் பையிலிருந்து கசியும் சீழின் சுவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மெல்லும் தசைகள் அருகிலேயே இருப்பதால் அவை இறுகி, வாய் திறப்பது குறைகிறது. கீழ்த்தாடைக்கு உணர்வு தரும் நரம்பின் கிளையே காதின் முன்பகுதிக்கும் செல்வதால், காதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அங்கே வலி தெரியும். காதுச் சொட்டு மருந்தை நிறுத்திவிடுங்கள்.

குழந்தை வயிற்றில் இருந்தபோது உங்கள் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிட்டதால் இப்படி ஆனதோ என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்தப் பழியைக் குழந்தையின் மேல் போட வேண்டாம். ஒருமுறை உருவாகிவிட்ட பல்லிலிருந்து கருவிலுள்ள குழந்தை சுண்ணாம்பை எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றங்களால் ஈறுகள் சிறு அழுக்குக்கும் அதிகமாக வீங்கும். ஏற்கெனவே பாதி முளைத்து நின்ற பல்லைச் சுற்றியிருந்த ஈறு ஏழாம் மாதத்தில் தொல்லை கொடுக்கத் தொடங்கியதற்கு அது போதுமான காரணம்.

ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இப்போது உங்களுக்கு இவை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வாய் திறப்பது குறைந்துவிட்ட ஒருவரிடம் இவற்றைச் சொல்லாமல் மேலே போவது சரியல்ல. தாடைக்குக் கீழேயோ கழுத்திலோ வீக்கம் இறங்குவது, நாக்குக்கு அடியில் உள்ள சதை வீங்கி மேலெழும்பி நாக்கைத் தூக்குவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, வாய் ஒரு விரல் அளவுக்கும் திறக்காமல் போவது, குளிருடன் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பல் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்காமல், அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சில் சிரமம் என்றால் 108-ஐ அழையுங்கள். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களிலிருந்து கிளம்பும் தொற்று நாக்கின் அடித்தளம் முழுவதும் பரவி மூச்சுக்குழலை அழுத்தும் நிலையை 1836-இலேயே லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதியிருக்கிறார். அது அரிதாகத்தான் வருகிறது, ஆனால் வந்தால் நாள் கணக்கில் அன்றி மணிக்கணக்கில் முற்றுகிறது.

மருந்தும் தாய்ப்பாலும்

மருத்துவரைப் பார்க்கும் வரை வலிக்குப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல் என்பது வழக்கமான அளவு. உங்கள் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது போதாவிட்டால் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, ஒரு நாளில் மூன்று முறை வரை. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெங்கு என்று சந்தேகிக்கத்தக்க காய்ச்சலில் இருப்பவர்களும் இந்த இரண்டாவது மருந்தைத் தவிர்க்க வேண்டும். இரண்டுமே பாலில் மிகக் குறைந்த அளவில்தான் சேர்கின்றன. பாலூட்டும் தாய்மார்களுக்கு நாங்கள் முதலில் தேர்ந்தெடுப்பவையும் இவைதாம். ஆஸ்பிரின் வேண்டாம். டிரமடால், கோடீன் போன்ற கடும் வலிநீக்கிகள் பாலின் வழியே குழந்தையின் மூச்சை மந்தமாக்கக்கூடும் என்பதால் அவையும் வேண்டாம். யாரேனும் எழுதிக் கொடுத்தால் "நான் பால் கொடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மெடிக்கலில் வாங்கிய 'செட்' பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டையிலிருந்து கத்தரித்துப் பொட்டலமாகத் தரப்படும் அந்த மாத்திரைகளில் பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. சிலவற்றில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். வீக்கமும் வலியும் மாயமாக மறைய, உள்ளே கிருமி அப்படியே இருக்கும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த ஒருவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் ஆபத்து வேறு. பெயர் தெரியாத மாத்திரையில் பாரசிட்டமாலும் கலந்திருந்தால், நீங்கள் தனியாக எடுக்கும் பாரசிட்டமாலோடு சேர்ந்து அளவு மீறிப்போகும். பாலூட்டும் காலத்தில் பெயர் தெரியாத எந்த மாத்திரையும் உங்கள் வாய்க்குள் போகக் கூடாது.

உங்கள் கணவர் சொல்லும் மீந்த ஆன்டிபயாட்டிக்கையும் ஒதுக்கி வையுங்கள். அது வேறு யாருக்கோ, வேறு நோய்க்கோ கொடுக்கப்பட்டது. மீந்திருக்கிறது என்றால் அவரும் முழுதாகச் சாப்பிடவில்லை என்றே தெரிகிறது. ஈற்றுப் பைக்குள் அடைந்திருக்கும் அழுக்கைக் கழுவி எடுக்காமல் எந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டாலும் பலன் சில நாள்களுக்குத்தான். வலி ஈற்றோடு நின்றிருக்கும் பலருக்கு, மருத்துவர் அந்தப் பையை மருந்துநீரால் பீய்ச்சிக் கழுவுவதும் வெந்நீர்க் கொப்பளிப்பும் மட்டுமே போதும். உங்களுக்கு வாய் திறப்பது குறைந்திருப்பதால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். அதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய முடியும். அமாக்சிசிலின் தாய்ப்பாலோடு ஒத்துப்போகும். மெட்ரோனிடசோல் பாலில் ஓரளவு சேரும் என்றாலும், பல் தொற்றுக்குத் தரப்படும் வழக்கமான அளவில் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. பாலின் சுவை சற்று மாறிக் குழந்தை முகம் சுளிக்கலாம், மலம் இளகிப் போகலாம், அவ்வளவுதான். பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைவைத்தியத்தில் உப்புநீருக்கு நிகரானது இல்லை. ஒரு டம்ளர் இளஞ்சூடான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து அந்த மூலையில் நீர் நிற்கும்படி, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் கொப்பளியுங்கள். வலிக்கிறதே என்று அந்தப் பக்கம் பல் துலக்காமல் விடாதீர்கள்; குழந்தைகளுக்கான சிறிய, மென்மையான பிரஷ் கடைசி மூலை வரை போகும். கிராம்பு எண்ணெய் நரம்பை மரக்கச் செய்வது உண்மைதான், ஆனால் உங்கள் வலி பல்லில் இருக்கும் குழியிலிருந்து வருவதல்ல. வீங்கிய ஈற்றின் மேல் எண்ணெயை நேராகத் தடவினால் சதை வெந்து புண்ணாகும். வீங்கிய கன்னத்துக்குச் சூடான ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

எடுப்பதா, விடுவதா

முளைத்திருக்கும் எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். தொல்லையில்லாத, நோயில்லாத ஞானப்பற்களை 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. அதே வழிகாட்டுதல், ஈற்றுத் தொற்று முதல் முறை வந்தால், அது மிகக் கடுமையாக இல்லாதவரை, பல்லை எடுக்கக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை, இரண்டாம் முறையோ அதற்கு மேலோ வந்தால் எடுப்பது தகும் என்கிறது. உங்களுக்கு இது மூன்றாம் முறை. ஆகவே, எக்ஸ்ரேயில் வேறு ஏதும் தெரியாவிட்டால், அந்த ஒரு பல்லை எடுப்பது சரி என்றே நானும் கருதுகிறேன். மற்ற மூன்றையும் எடுக்கச் சொன்ன கிளினிக்கில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன காரணம் என்று கேளுங்கள். 'முன்பற்கள் நெருங்கி வளைந்துவிடும்' என்பது மட்டுமே பதில் என்றால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஞானப்பல்தான் முன்பற்களை நெருக்குகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

மேல்வரிசையில் இருக்கும் இடப்பக்க ஞானப்பல் மட்டும் தனிக் கதை. அது கீழிருக்கும் வீங்கிய சதையைக் கடித்துக் குத்திக்கொண்டிருந்தால், அதை எடுப்பதாலேயே கீழ்வலி கணிசமாகக் குறையும். மேல்பல்லை எடுப்பது பெரும்பாலும் எளிது. அந்தச் சதைமூடியை மட்டும் வெட்டி எடுப்பது என்றொரு வழியும் உண்டு. பல் நேராக முளைத்து, இடமும் இருந்தால் பலன் தரும், சாய்ந்த பல்லில் சதை பெரும்பாலும் மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்ளும். உங்கள் பல் சாய்ந்திருப்பதாகச் சொல்லப்பட்டிருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மேலும், முன்னோக்கிச் சாய்ந்த ஞானப்பல், நல்ல நிலையில் இருக்கும் பக்கத்துக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தில் சொத்தையை உண்டாக்கக்கூடியது. மெல்லுவதற்கு உதவாத ஒரு பல்லைக் காப்பாற்றப் போய், வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல்லை இழப்பது இப்படித்தான் நடக்கிறது.

அறுவையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு ஞானப்பல்லின் வேர்களுக்கு மிக அருகில் செல்கிறது. நாக்குக்கான நரம்பும் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழுதடோ நாக்கோ சில வாரங்கள், சில மாதங்கள் மரத்துப்போவது நூற்றில் சிலருக்கு நேர்கிறது. நிலையாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஓபிஜி எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வேரும் நரம்பும் ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். அப்போதும் ஆபத்து அதிகம் என்றால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விடும் முறை இருக்கிறது. எக்ஸ்ரே கதிர் பாலில் தங்குவதில்லை, எடுத்த மறுநிமிடமே பால் கொடுக்கலாம். படம் எடுக்காமலே அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் உட்காராதீர்கள்.

கண்ணும் பாலும்

மாமியாரின் அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு பலரும் பல்லைப் பிடுங்கிக்கொண்டது நாற்பது, ஐம்பது வயதில். வெள்ளெழுத்து வருவதும் அதே வயதில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று எண்ணிவிட்டார்கள். பார்வைக்கான நரம்பு கண்ணிலிருந்து நேராக மூளைக்குச் செல்கிறது. முகத்தின் உணர்வுக்கான நரம்பு வேறு. அது மூன்று கிளைகளாகப் பிரிய, கீழ்ப்பற்களுக்கு வருவது அவற்றில் கடைசிக் கிளை. அது பார்வையோடு எந்த இடத்திலும் சேர்வதில்லை.

பால் சுரப்பது குழந்தை எத்தனை முறை உறிஞ்சிக் குடிக்கிறது என்பதைப் பொறுத்தது. மரத்துப்போக ஊசியில் போடும் லிடோகெய்ன் மிகக் குறைவாகவே பாலில் சேரும், பல்லை எடுத்துவிட்டு வந்து உடனே பால் கொடுக்கலாம். பாலைக் குறைக்கக்கூடியது, நான்கு நாள்களாக நீங்கள் சரியாகச் சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பதுதான். கடும் வலியில் பால் இறங்குவதும் தாமதப்படும். மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும். அறுவையன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அவர் வேண்டும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

காலை நேரத்தில் நாள் வாங்குங்கள். கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டு, முடிந்தால் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது; ஒருவேளை கொடுத்தாலும், நன்றாக விழித்துத் தெளிந்த பிறகு பால் கொடுக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் வடியும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும், எச்சிலை விசையோடு துப்பவும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது. குழியில் உறைந்திருக்கும் இரத்தம் பெயர்ந்துவிடும். அது பெயர்ந்தால் மூன்றாம் நாள் வாக்கில், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறிக் காதுவரை குத்தும். அப்படியானால் மாத்திரையைக் கூட்டாமல் திரும்பப் போய் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம் என்பதால், எடுக்கிறீர்கள் என்றால் முன்பே தெரிவியுங்கள். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், ரசத்தில் ஊறிய இட்லி என்று பசியாறச் சாப்பிடுங்கள்; பத்தியம் என்று வயிற்றைக் காயப்போட வேண்டாம். 5 மாதக் குழந்தை முகத்தைப் பிடித்து இழுக்கும், தலையால் முட்டும். அந்த வாரம் முழுவதும் குழந்தையின் தலையும் கையும் வீங்கிய இடக்கன்னத்தில் படாதபடி தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாவட்டத் தலைநகரிலேயே 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது; அங்கே வாய் மற்றும் முக அறுவைத் துறை இருக்கும். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆனால் சாய்ந்த பற்களை அன்றாடம் எடுக்கும் கைகள் அங்கே உண்டு.

சர்க்கரையைப் பற்றி

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள், குழந்தை பிறந்த 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை மீண்டும் செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்ததாக எழுதவில்லை. சர்க்கரை கூடியிருந்தால் ஈற்றுத் தொற்று அடங்கத் தாமதமாகும், எடுத்த இடம் ஆறவும் தாமதமாகும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்டமாக இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடலாம். அந்தச் சீட்டையும், பிரசவத்தின்போது கொடுத்த அட்டையையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளில் பெயர் தெரிந்தவற்றையும் எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.